ஒரு மூடை நெல்லுக்கு எத்தனை கொப்பி

வன்னியில் ஒரு கூட்டுறவுச் சங்கமோ, பால் சேகரிப்பு நிலையமோ, நடுத்தர அரிசி ஆலையோ "சிஸ்டம் போடப் போறம்" என்று சொன்னால் பெரும்பாலும் அதற்கு ஒரே பொருள்தான்: இருக்கிற கொப்பிகளை அப்படியே கணினிக்குள் ஏற்றப் போகிறார்கள். கொப்பியில் எட்டுப் பத்தி இருந்தால் திரையிலும் எட்டுப் பெட்டி. மூன்று பேர் கையெழுத்து வைத்தால் மூன்று பேருக்கும் லொகின். காசு செலவழித்து, பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து, சில மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் கொப்பியும் ஓடுகிறது, கணினியும் ஓடுகிறது, முன்பு ஒரு தடவை எழுதியதை இப்போது இரண்டு தடவை எழுதுகிறார்கள். இதைக் காணும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஏனென்றால் அந்தச் செலவு கடைசியில் போய் விழுவது வயலில் நிற்கிற மனிதரின் தலையில்.

கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்துவிட்டு இப்போது கிளிநொச்சியில் இருந்துகொண்டு இந்த வேலையைத்தான் செய்கிறேன். வெளியே இதற்கு என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் என்று பெரிய பெயர். ஒரு நிறுவனம் என்ன செய்கிறது, அதை யார் எந்த ஒழுங்கில் செய்கிறார்கள், அதற்கு என்ன தகவல் வேண்டும், அந்தத் தகவல் எங்கே கிடக்கிறது, எந்த மென்பொருள் அதைத் தாங்குகிறது என்று எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்து, எதைத் தொட்டால் எது அசையும் என்று கண்டுபிடிக்கிற வேலை. வங்கிகளுக்கும் அரசாங்கங்களுக்கும் மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். பத்துக் கிளை உள்ள ஒரு சங்கத்துக்கு அது இன்னும் அவசரமாகத் தேவை என்றுதான் நான் சொல்வேன். வங்கி தாங்கிக்கொள்கிற வீண்செலவை இந்தச் சங்கம் தாங்காது.

நெல் கொள்வனவை எடுத்துக்கொள்ளுங்கள். காலபோக அறுவடை தை, மாசியில் ஒரேயடியாக வரும். இப்போது எல்லா இடமும் அறுவடை இயந்திரம்தான், வெட்டி அடித்து மூடையாக்கி ஒரே நாளில் கையில் தந்துவிடும், ஆனால் நெல் ஈரமாக இருக்கும். களஞ்சியத்தில் வைக்க ஈரப்பதம் 14 வீதத்துக்குள் இறங்க வேண்டும். அதற்காகத்தான் அந்த மாதங்களில் வீதியோரமெல்லாம் படங்கு விரித்து நெல் காயப் போட்டிருப்பார்கள். அதே நேரத்தில் வயல் வரம்புக்கே லொறி கொண்டு வருகிற வியாபாரி ஈரத்தோடு எடுப்பார், மூடைக்குச் சில கிலோ கழிப்பார், விலையும் குறைத்துத்தான் சொல்வார், ஆனால் காசை அங்கேயே எண்ணிக் கொடுப்பார். சங்கத்தின் விலை நல்ல விலை, காசு வர நாள் செல்லும். உழவுக்கூலி, மருந்துக்கடைக் கடன், அடகில் கிடக்கிற நகை எல்லாம் அறுவடையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற வீட்டில் யார் காத்திருப்பார்கள்? நல்ல விலை கொடுக்கிற இடத்தைத் தாண்டிப் போய்க் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். கூட்டங்களில் இதற்குச் சந்தையைக் குறை சொல்வார்கள். நான் பார்த்த இடத்தில் காரணத்தின் பெரும்பகுதி சங்கத்தின் மேசைகளுக்கு இடையில் தாளாகக் கிடந்தது.

அந்தச் சங்கத்தில் ஒரு மூடையின் பின்னால் தொடர்ந்து போய்ப் பார்த்தேன். ஈரப்பதம் பார்க்கிற பிள்ளை தன் கொப்பியில் எழுதுகிறது. தராசடியில் நிற்பவர் ஒரு துண்டில் நிறையை எழுதிக் கொடுக்கிறார். களஞ்சியப் பொறுப்பாளர் மூடைகளை மறுபடி எண்ணித் தன் பதிவேட்டில் எழுதுகிறார். எழுதுநர் அந்தத் துண்டைப் பார்த்து மூன்று பிரதியில் பற்றுச்சீட்டு எழுதுகிறார். பின்னேரம் கிளை முகாமையாளர் எல்லாவற்றையும் கூட்டி ஒரு தாளில் எழுதி, தலைமை அலுவலகத்துக்கு யார் போகிறார்களோ அவர்கள் கையில் கொடுத்து விடுகிறார். அங்கே கொள்வனவுப் பேரேடு. அப்புறம் கணக்காளர் துண்டையும் களஞ்சியப் பதிவையும் பற்றுச்சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார், ஒன்றில் 7, இன்னொன்றில் 1 மாதிரித் தெரிந்தால் முழுக் கட்டும் கிளைக்குத் திரும்பிப் போகும். எல்லாம் சரிவந்த பிறகு காசோலை, அதற்கு இரண்டு கையெழுத்து. பேனை தாளில் படுகிற நேரத்தை மட்டும் கூட்டினால் ஒரு மணித்தியாலம்கூட வராது. மிச்ச நாட்கள் முழுக்கத் தாள் ஒரு மேசையில் படுத்திருக்கிற நாட்கள்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்குப் போதும். 1961இல் ஜோன் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் நிறுவிக் காட்டியது: ஓர் இடத்தில் சராசரியாகத் தேங்கி நிற்பதை, அங்கிருந்து நாளொன்றுக்கு வெளியேறுவதால் வகுத்தால் ஒவ்வொன்றும் சராசரியாக எத்தனை நாள் அங்கே நிற்கிறது என்று வரும். கணக்காளர் மேசையில் எப்போதும் 120 கட்டுக் கிடக்கிறது, நாளுக்கு 8 முடிகிறது என்றால் 15 வேலை நாள். அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அதுதான். "அந்த அக்கா சரியான மெதுவு" என்று கிளையில் சொல்லிக்கொண்டிருந்தார்கள், இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிய பிறகு அந்தப் பேச்சு நின்றது. தேங்குவதற்குக் காரணம் அவருடைய கை இல்லை, ஒப்பிட வேண்டிய தாள்களின் எண்ணிக்கை.

இந்த ஒப்பிடும் வேலைக்கு உலகப் பிரசித்தமான ஒரு கதை உண்டு. 1990இல் மைக்கேல் ஹாமர் என்பவர் எழுதியது. 1980களின் தொடக்கத்தில் ஃபோர்ட் நிறுவனத்தின் வட அமெரிக்கப் பகுதியில், பொருள் தருவோருக்குக் காசு கொடுக்கும் பிரிவில் மட்டும் 500க்கு மேற்பட்டோர் இருந்தார்கள். நல்ல கணினி போட்டால் 20 வீதம் குறைக்கலாம் என்று திட்டம் போட்டார்கள். பிறகு மஸ்டாவைப் பார்த்தால் அங்கே அதே வேலைக்கு 5 பேர். மஸ்டா சிறிய நிறுவனம்தான், அதைக் கணக்கில் எடுத்தாலும் இந்த வித்தியாசத்துக்கு அது காணாது. ஃபோர்டில் கொள்வனவுக் கட்டளை, பொருள் வந்ததற்கான பத்திரம், விற்றவர் அனுப்பிய விலைச்சிட்டை என்று மூன்று தாள்களில் 14 விடயங்களைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொருந்தாதவற்றைத் துருவுவதிலேயே நேரம் போனது. அவர்கள் கடைசியில் விலைச்சிட்டையையே எடுத்துவிட்டார்கள். பொருள் வந்து இறங்கும்போது அங்கே நிற்பவர் கணினியில் கட்டளையோடு சரிபார்ப்பார், பொருந்தினால் ஏற்றுக்கொள்வார், காசு தானாகப் போகும். 14 விடயம் 3 ஆகியது, ஆட்கள் 75 வீதம் குறைந்தார்கள்.

எங்கள் தராசடியும் ஃபோர்டின் அந்த இறங்குதுறையும் ஒன்றேதான். நெல் தராசை விட்டு இறங்கும் அந்த நிமிடத்தில் விவசாயி நிற்கிறார், நெல் நிற்கிறது, நிறை தெரிகிறது, ஈரப்பதம் தெரிகிறது. கொடுக்க வேண்டிய காசு அப்போதே தீர்மானமாகிவிட்டது. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் அந்த உண்மையைத் திரும்பத் திரும்பப் பிரதியெடுத்து, பிரதிகளுக்குள் சண்டை பிடிப்பது. ஆனால் ஃபோர்ட் கதையின் கடைசி வரியை இங்கே அப்படியே கொண்டுவர நான் விரும்பவில்லை. வன்னியில் ஒரு சங்கத்து எழுதுநர் வேலை என்பது ஒரு முழுக் குடும்பத்தின் அடுப்பு. "தம்பி, இதால எங்கட வேலை போகுமோ?" என்று கேட்ட ஒரு அக்காவுக்கு முதல் நாளே பதில் சொல்லிவிட வேண்டும், சபையைக்கொண்டு எழுத்தில் சொல்ல வைக்க வேண்டும். அங்கே ஒப்பிடும் வேலை குறைந்தால் செய்ய வேண்டிய வேறு வேலை மலையாகக் கிடக்கிறது: அங்கத்தவர் கடன் நிலுவை, உரக்கடைக் கையிருப்பு, ஆண்டுக்கணக்கு. அதைச் சொல்லாமல் வரைபடம் வரையத் தொடங்கினால் யாரும் உண்மையான ஒழுங்கைச் சொல்ல மாட்டார்கள், சொல்லாததில் நியாயமும் இருக்கிறது.

சரி, இவ்வளவு பதிவேடு எப்படி வந்தது? இதைக் கேட்காமல் ஒன்றையும் எடுக்கக் கூடாது. ஜோன் சாக்மன் 1987இல் இந்தத் துறைக்கே அடித்தளமான தன் சட்டகத்தை வெளியிட்டபோது அதில் என்ன, எப்படி, எங்கே என்ற மூன்று கேள்விக்குத்தான் பத்தி இருந்தது. யார், எப்போது, ஏன் என்ற மூன்றும் 1992இல்தான் சேர்ந்தன. நான் எங்கே போனாலும் கடைசிக் கேள்வியில் இருந்துதான் தொடங்குகிறேன். ஒவ்வொரு கொப்பியையும் மேசையில் வைத்து, இது ஏன், யார் கேட்டார்கள், கேட்டவர் இன்னும் இருக்கிறாரா.

அந்தப் பதில்களில் வன்னியின் சரித்திரமே வருகிறது. ஒரு பதிவேட்டில் வாகன இலக்கம், சாரதி பெயர், அடையாள அட்டை எண் என்று மூன்று பத்தி. ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் சாமான் வரவேண்டும் என்ற காலத்தில் தொடங்கியது. 2009இல் கொப்பிகள் எல்லாம் போய்விட்டன. மீளக்குடியமர்ந்து சங்கத்தைத் திரும்பத் திறந்தபோது பழைய எழுதுநர் ஒருவர் ஞாபகத்தில் இருந்து கோடு போட்டு, அதே பத்திகளோடு புதுக் கொப்பி தொடங்கியிருக்கிறார். ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒரு நிறுவனத்தை ஞாபகத்தில் இருந்து எழுப்பிய மனிதர்கள் இவர்கள், அதற்கு நான் கைகூப்புகிறேன், அந்தப் பத்திகளைப் பார்த்துச் சிரிக்கிற மென்பொருள் விற்பனையாளரை எனக்குப் பிடிக்காது. அதற்கு மேலே அடுத்த படை: விதைநெல்லும் நீர்ப்பம்பியும் தந்த திட்டங்கள் தங்கள் தங்கள் படிவத்தைக் கொண்டுவந்தன, திட்டம் முடிந்து ஆட்கள் போய்விட்டார்கள், படிவம் போகவில்லை. அதற்கு மேலே கணக்காய்வு. எப்போதோ ஒரு வருடம் ஒரு கேள்வி வந்தது, அதற்காக ஒரு கொப்பி.

"உதை விட்டா ஓடிட்டில கேப்பினம்." எந்தக் கொப்பியைத் தொட்டாலும் இந்தப் பதில்தான் வரும். அதனால் நாங்கள் கணக்காய்வாளரையே கூப்பிட்டு உட்கார வைத்தோம். அவர் பொறுமையாக ஒவ்வொன்றாகப் பார்த்து, இது சட்டப்படி வேண்டும், இது வேண்டாம், இந்த இரண்டையும் ஒன்றாக்கினால் எனக்கே சுகம் என்று சொல்லிக்கொண்டு போனார். அன்று ஒரு பின்னேரத்தில் நடந்ததை எந்த மென்பொருளும் செய்திருக்காது. வணிக ஒழுங்கைச் சீராக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய மிக உருப்படியான விடயம் இது: எந்த அதிகாரியின் பெயரைச் சொல்லிப் பயப்படுகிறார்களோ அவரை அறைக்குள் கொண்டுவாருங்கள்.

வரைவதற்கு பெரிய கருவி ஒன்றும் தேவைப்படவில்லை. பிரிஸ்டல் போட் அட்டையைத் தரையில் விரித்து, தொடக்கமும் முடிவும் வட்டம், வேலை பெட்டி, தீர்மானம் சாய்சதுரம், ஆளுக்கு ஒரு நிரை. வேலை ஒழுங்குகளை வரைகிற பிபிஎம்என் என்ற குறியீட்டின் அடிப்படை இவ்வளவுதான், 2013இல் அது ஐஎஸ்ஓ தரமாகவே வந்துவிட்டது, அதன் நூற்றுக்கு மேற்பட்ட சின்னங்களில் இந்த நாலைந்தை வைத்துக்கொண்டு தராசடியில் நிற்பவரும் கணக்காளரும் ஒரே தாளில் சண்டை பிடிக்க முடிகிறது. டோகாஃப் என்ற ஆர்க்கிடெக்சர் வழிமுறையைப் படித்தவர்கள் அதன் கட்டங்களை வரிசையாக ஓட்டப் பார்ப்பார்கள். 1995இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் வேலையை அடியாக வைத்து வந்தது அது, நல்ல விடயம் நிறைய இருக்கிறது, ஆனால் முதலில் உன் நிறுவனத்துக்கு ஏற்ப வெட்டிக்கொள் என்று அதுவே சொல்கிறது. நான் வைத்துக்கொண்டது அதன் அடுக்கு ஒழுங்கை மட்டும்: முதலில் தொழில், பிறகு தரவும் மென்பொருளும், கடைசியில்தான் இயந்திரம். இங்கே எல்லோரும் கடைசியில் இருந்து தொடங்குகிறார்கள், யாராவது கணினி அன்பளிப்புச் செய்தால் அதற்கு வேலை தேடுகிறார்கள்.

தரவு என்று வரும்போது என் நித்திரையைக் கெடுக்கிற இடம் அங்கத்தவர் பட்டியல். 2016இல் இருந்து அடையாள அட்டை எண் 12 இலக்கம். அதற்கு முந்தியது 9 இலக்கமும் வி அல்லது எக்ஸ் என்ற எழுத்தும். அட்டை தொலைத்துப் புதிது எடுத்த ஒருவர் ஒரு கிளையில் பழைய எண்ணோடும் இன்னொரு கிளையில் புது எண்ணோடும் இரண்டு அங்கத்தவராக இருப்பார், ஒன்றில் கடன், ஒன்றில் சேமிப்பு. பழையதைப் புதியதாக்குவது இலகு: முன்னால் 19, பழைய எண்ணின் ஐந்தாவது இலக்கத்துக்குப் பின் ஒரு 0, கடைசி எழுத்தை எடுத்துவிட வேண்டும். இதைச் செய்தாலே இரட்டைப் பதிவுகளில் நிறையப் பிடிபடும். பெயரை வைத்துப் பிடிக்கப் போனால் முடியாது, ஒரே சிவகுமார் ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பார், தகப்பன் பெயரின் முதலெழுத்தும் பத்திரத்துக்குப் பத்திரம் மாறும், இடப்பெயர்வில் எல்லாம் தொலைத்து மறுபடி எடுத்தவர்களுக்கு இது இன்னும் மோசம். எண்ணைத் திருத்துவது தொழில்நுட்பம். ஒரு அங்கத்தவரின் விபரத்தை மாற்றும் உரிமை யாருக்கு, கிளைக்கா தலைமை அலுவலகத்துக்கா என்று தீர்மானிப்பதுதான் உண்மையான ஆர்க்கிடெக்சர், அதற்குத்தான் அதிக நேரம் போனது.

எங்கள் ஊரிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று இருக்கிறது என்று அந்தக் கூட்டங்களில் நான் சொல்வதுண்டு. இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகத்துக்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டம். குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று நீர்ப்பாசனப் பொறியியலாளர் சொல்வார், அதை வைத்து எத்தனை ஏக்கர் விதைக்கலாம், பங்கு எப்படி, தண்ணீர் எப்போது திறப்பது, விதைப்பு எப்போது முடிய வேண்டும், எப்போது பூட்டுவது என்று மாவட்டச் செயலர், திணைக்களங்கள், கமக்காரர் அமைப்புகள் எல்லாம் ஒரே மண்டபத்தில் இருந்து முடிவெடுக்கும். சத்தம் இருக்கும், மணிக்கணக்காகப் போகும், ஆனால் விதை விழ முதலே எல்லோருக்கும் ஒரே திகதி, ஒரே ஏக்கர் கணக்கு. பல நிறுவனங்கள் சேர்ந்து ஒரு வேலையைத் திட்டமிடுவது இப்படித்தான் இருக்க வேண்டும்.

கூட்டம் முடிந்த பிறகுதான் பிரச்சினை. அதே ஏக்கரை உர மானியத்துக்கு ஒரு பட்டியலில், பயிர்க் காப்புறுதிக்கு இன்னொன்றில், வாய்க்கால் பங்குக்கு மற்றொன்றில், சங்கத்தின் கடனுக்கு வேறொன்றில் பதிய வேண்டும், ஒவ்வொன்றுக்கும் காணிப் பத்திரத்தின் பிரதியும் கிராம அலுவலரின் கையெழுத்தும். ஒரு நாள் கூலி, பஸ் காசு, போட்டோ கொப்பிக் காசு. எஸ்தோனியாவில் 2001இல் இருந்து எக்ஸ்-ரோட் என்ற இணைப்பு வழியாக அரசுத் தரவுத்தளங்கள் ஒன்றையொன்று கேட்டுக்கொள்கின்றன, ஒரே தரவைச் சேர்க்க இரண்டு தனித்தனித் தரவுத்தளம் அமைப்பதை அந்த நாட்டுச் சட்டமே தடை செய்கிறது. அது இங்கே நாளைக்கு வராது, தெரியும். ஆனால் ஒரு சங்கம் தன் பத்துக் கிளைக்குள்ளாவது ஒருவரிடம் ஒரே பத்திரத்தை இரண்டாம் தடவை கேட்பதில்லை என்று தீர்மானிக்க எந்தச் சட்டமும் தேவையில்லை, சபையின் ஒரு தீர்மானம் போதும்.

இப்போது அந்தச் சங்கத்தில் இரண்டு கிளைகளில் ஒழுங்கு மாறியிருக்கிறது. ஈரப்பதம், நிறை, மூடை எண்ணிக்கை மூன்றும் இலக்கமிட்ட ஒரே சிட்டையில். ஈரப்பதம் பார்த்த பிள்ளையும் தராசுக்காரரும் களஞ்சியப் பொறுப்பாளரும் அதே சிட்டையில் அவரவர் இடத்தில் கையெழுத்து, விவசாயியும் அங்கேயே ஒப்பம், பிரதி அவர் கையில். பற்றுச்சீட்டும் கிளையின் கூட்டல் தாளும் நின்றுவிட்டன. இன்னும் மென்பொருள் வாங்கவில்லை. அன்றன்றைய சிட்டைகளைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகிறார்கள், அங்கே ஒரு எக்செல் தாள். ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிளையில் சிக்னல் வந்து வந்து போகும், ஆகவே நாளைக்கு எந்த மென்பொருள் எடுத்தாலும் இணைப்பு இல்லாமலே பதிந்து பிறகு சேர்க்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்பது விலைமனுக் கேள்விப் பத்திரத்தின் முதல் வரியிலேயே இருக்கிறது. கணக்காளர் மேசையில் கட்டுக் குறைந்திருக்கிறது, கண்ணாலேயே தெரிகிறது.

மிச்சம் நிற்பது காசோலையின் இரண்டு கையெழுத்து. தலைவர் ஊரில் இல்லாத நாளில் எல்லாம் நிற்கிறது. ஒரு தொகைக்கு உட்பட்ட நெல் கொடுப்பனவை, இலக்கமிட்ட சிட்டை இருந்தால், கிளையில் இருந்தே வங்கிக் கணக்குக்கு மாற்றலாம், கையெழுத்துக்குப் பதில் வாரத்துக்கு ஒரு தடவை தலைவர் பட்டியலைப் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். சங்கத்தின் உபவிதி அதற்கு இடம் தருமா என்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், தராவிட்டால் பொதுக்கூட்டத்தில் திருத்த வேண்டும். அந்தத் தொகை எவ்வளவாக இருக்க வேண்டும் என்பதில் சபைக்குள் இரண்டு பக்கம் இருக்கிறது. என்னைக் கேட்டால் ஒரு ஏக்கர் நெல்லின் பெறுமதியாவது இருக்க வேண்டும், அதற்குக் குறைந்தால் வயலடிக்கு வருகிற லொறியோடு போட்டி போட முடியாது. அடுத்த காலபோகத்துக்கு முதல் இது முடிந்தாக வேண்டும்.